சிலம்பை உடைத்துப் பார்!

(கோவையில் நடைபெற்ற கட்சி விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆலைச் சங்கு ஊதியதும் வீட்டுக்குச் செல்லாமல் நேரே இங்கு வந்து, களைப்பையும் பாராமல் கால்கடுக்க நின்றுகொண்டிருக்கும் தோழர்களே!

‘பொய்யுரையும் மக்களாட்சியும்’ என்று இன்றைய பேச்சுக்குத் தலைப்பிட்டிருக்கிறார்கள். சுவரொட்டியைக் கண்ட நண்பர் ஒருவர், “பொய்யைப் பற்றிப் பேச உன்னை அழைத்தது பொருத்தந்தான், நீ நாடகக்காரனாயிற்றே!” என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் கோபிக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன்; அவர் சொன்னதிலே பொருள் இருக்கிறது.

ஆமாம், தோழர்களே, பொய் என் தொழில்! கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டு, அரிதாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டவன் நான். எங்கள் மேடையிலே மன்னன் வருவான்—அவன் மன்னனல்லன், சிங்காநல்லூரிலே நூற்பாலையில் வேலை பார்க்கும் தோழன். மணிமுடி அட்டை, வாள் தகரம், முத்துமாலை மூன்று ரூபாய்க் கண்ணாடி. கொலை நடக்கும், வெட்டுண்டவன் வீழ்வான், திரை விழுந்ததும் எழுந்து உட்கார்ந்து, “தேநீர் இருக்கிறதா?” என்று கேட்பான்!

ஆனால் எங்கள் பொய்யிலே ஒரு நேர்மை உண்டு. திரை கட்டுகிறோம், விளக்கேற்றுகிறோம், ‘நாடகம்’ என்று கொட்டை எழுத்திலே எழுதி ஊரெங்கும் ஒட்டுகிறோம். பார்ப்பவர் அறிந்தே பார்க்கிறார். அறிந்தே அழுகிறார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். எவர் வீட்டுக்கும் தீ வைப்பதில்லை.

திரையும் கட்டாமல், ‘நாடகம்’ என்றும் அறிவிக்காமல், ‘கண்ணாரக் கண்டது இது’ என்று ஆணையிட்டுச் சொல்லி ஒரு நாடகம் நடத்தப்பட்டால்? அதைக் கோடிப்பேர் கைப்பேசியிலே கண்டால்? அந்த நாடகத்திலே கொடியவனாக நம்மையே, இந்தக் கொங்கு மண்ணின் மக்களையே, காட்டினால்?

நடந்தது தோழர்களே, நடந்தது! 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலே நடந்தது.

பாட்னா நகரிலே ஒரு வாடகை வீடு. அங்கே சிலர். தலையிலே கட்டு, கையிலே கட்டு. ‘தமிழ்நாட்டிலே அடிபட்டு, உயிர் தப்பி ஓடிவந்த பீகார்த் தொழிலாளர் நாங்கள்’ என்று விம்முகின்றனர். படம் பிடிக்கப்படுகிறது, பரப்பப்படுகிறது. பின்னர் அதே பீகார் மாநிலக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரித்து என்ன சொல்லிற்று? அது தமிழ்நாட்டிலே எடுத்த படமே அன்று. பாட்னாவிலே அமைத்து எடுத்த காட்சி என்று சொல்லிற்று! காயமில்லாமலே கட்டு. அடிபடாமலே அழுகை. நான் நாடகக்காரன்; ஆனால் அந்த அரிதாரக்காரர்களின் முன்னால் நான் அரிச்சுவடி!

அந்தப் படம் கடைசிக் காட்சி. அதற்கு முன்பே பல காட்சிகள் அரங்கேறிவிட்டன. பிப்ரவரி இறுதியிலிருந்தே வடபுலத்திலே ஒரே பேச்சு: ‘தமிழ்நாட்டிலே இந்தி பேசினால் வெட்டுகிறார்கள்!’ பன்னிரண்டு பேரைத் தூக்கிலிட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதினார் ஒருவர். அவர் எழுத்தறியாப் பாமரரா? அன்று! ஒரு வழக்கறிஞர், ஓர் அகில இந்தியக் கட்சியின் பேச்சாளர். பின்னர் உச்சநீதிமன்றம் அவரைப் பார்த்து, ‘பொறுப்போடு நடந்துகொள்ளும், மன்னிப்புக் கேளும்’ என்று சொல்ல வேண்டி வந்தது.

படங்கள் உலவினவே, அவை என்ன படங்கள்? அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திரபாபு மார்ச்சு 2-ஆம் நாளே விளக்கம் அளித்தார். ஒரு படம், திருப்பூரிலே பீகார்த் தொழிலாளர்கள் தமக்குள்ளேயே மோதிக்கொண்டது. மற்றொரு படம், கோவையிலே உள்ளூர்க்காரர் இரு தரப்பினர் மோதிக்கொண்டது. இன்னொன்று ராஜஸ்தானத்து ஜோத்பூரிலே நடந்த ஒரு கொலை என்பதைப் பின்னர் செய்தி ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். ஜோத்பூர் எங்கே, பல்லடம் எங்கே? பாலைவனத்துக் கொலையைக் கொண்டுவந்து பருத்தி நாட்டின் தலையிலே கட்டினார்கள்!

கோவையிலே பம்ப் செய்கிறோம், வார்ப்படம் வார்க்கிறோம். திருப்பூரிலே பனியன் தைத்து, ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்குமேல் வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அந்தப் பனியனிலே ஒரு தையல் தேனிக்காரன் போட்டது. ஒரு தையல் தஞ்சைப் பெண் போட்டது. இன்னொரு தையல் பீகாரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவன் போட்டது. வாங்கி அணியும் வெள்ளைக்காரனுக்கு எது எவன் தையல் என்று தெரியாது. தையலுக்கும் தெரியாது!

அப்படிப்பட்ட ஊரிலே அந்த மார்ச்சு முதல் வாரத்திலே என்ன கண்டோம்? ரயில் நிலையத்திலே கூட்டம். ஹோலிப் பண்டிகை நெருங்கிய நேரம். ஊருக்குப் போவோர் எப்போதும் உண்டு. ஆனால் அந்த ஆண்டு பண்டிகைக்குப் போகிறவன் எவன், பயந்து போகிறவன் எவன் என்று பிரித்தறிய முடியவில்லை. கையிலே பை, முகத்திலே கலக்கம்.

நான் சூலூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரிலே எனக்குத் தெரிந்த ஒரு விசைத்தறிக் கூடம். அங்கே பீகார் இளைஞர் இருவர். கூடத்துக்காரரின் தாயார், அறுபது வயதைத் தாண்டியவர், அவர்களுக்குத் தினமும் சோறு போடுபவர். செய்தி கேள்விப்பட்டதும் அவர்களிலே ஒருவனைப் பிடித்துக்கொண்டார். “ஏங்கண்ணு, நாங்க உங்களையெல்லாம் வெட்டிப்போட்டமுன்னு உங்கூருல பேசிக்கறாங்களாமா? நேத்து மத்தியானம் உனக்குச் சோறு போட்டது ஆருடா?” என்று கேட்டார்.

அவன் சிரித்தான். சிரித்தவன் அன்று மாலையே மூட்டை கட்டினான். “ஏன்டா போகிறாய்? இங்கே யாராவது உன்னைத் தொட்டார்களா?” என்று நான் கேட்டேன். அரைகுறைத் தமிழிலே அவன் சொன்னான்: “இங்கே ஒண்ணும் இல்லே அண்ணா. அம்மா போன். அம்மா அழுவுது.”

இதைக் கவனியுங்கள், தோழர்களே! அவன் அந்தப் பொய்யை நம்பவில்லை. நம்ப முடியாது, அவன் இங்கேயே இருக்கிறான், கண்ணால் பார்க்கிறான், கையால் எங்கள் வீட்டுச் சோற்றைப் பிசைகிறான். நம்பியவள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அவன் தாய். அவள் தமிழ்நாட்டைக் கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழ்நாடு, கைப்பேசிக்குள்ளே வந்த ரத்தக் காட்சி ஒன்றுதான். உண்மையறிந்த மகனை, உண்மையறியாத தாயின் கண்ணீர் இழுத்துச் சென்றது! பொய்யின் வலிமை அங்கே இருக்கிறது. அது அருகிலிருப்பவனை ஏய்க்க வேண்டியதில்லை. தொலைவிலிருப்பவனை ஏய்த்தால் போதும். அறியாமை எங்கே இடம் காலியாக வைத்திருக்கிறதோ, அங்கே வந்து குடியேறும்.

அந்தத் தாயின் கண்ணீர் வீட்டோடு நின்றிருந்தால் அது குடும்பத் துயரம். ஆனால் அது சட்டமன்றம் ஏறிற்று! பீகார்ச் சட்டமன்றத்திலே எதிர்க்கட்சியினர் எழுந்தனர், கூச்சலிட்டனர், வெளிநடப்புச் செய்தனர். அன்று பீகார் முதலமைச்சராக இருந்த நிதிஷ் குமார், பத்திரிகைச் செய்தியைப் பார்த்துக் கவலை தெரிவித்தார். அன்று நம் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அவரோடு தொலைபேசியிலே பேசினார். எல்லாத் தொழிலாளரும் எங்கள் தொழிலாளரே என்று உறுதி சொன்னார். பீகார் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர் பாலமுருகன் தலைமையிலே நால்வர் குழு புறப்பட்டு வந்தது. சென்னை பார்த்தது, திருப்பூர் பார்த்தது, கோவை பார்த்தது. தொழிலாளரிடம் அவர்கள் மொழியிலேயே பேசிற்று. பரவியவை பொய்ப் படங்கள் என்று கண்டது; தமிழ்நாடு அரசு எடுத்த நடவடிக்கை நிறைவளிக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிற்று.

‘நல்லதாய் முடிந்தது, பிறகென்ன?’ என்பீர்கள். நான் கேட்கிறேன்: அந்த நாட்களிலே பீகார்ச் சட்டமன்றம் பேசியிருக்க வேண்டியது எதை? ‘எங்கள் இளைஞன் ஏன் இரண்டு நாள் ரயிலேறிக் கோவை போகிறான்? எங்கள் மண்ணிலே ஏன் அவனுக்கு வேலையில்லை?’ என்பதை அல்லவா? தமிழ்நாட்டிலே நாம் பேசியிருக்க வேண்டியது எதை? ‘வந்தவனுக்கு என்ன கூலி? ஒரே அறையிலே பத்துப் பேரை அடைப்பது ஏன்? மிகைநேர வேலைக்கு மிகைக்கூலி உண்டா? விபத்தில் விரல் போனால் மருத்துவம் யார் பொறுப்பு?’ என்பதை அல்லவா? மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கென 1979-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிற்று. அந்தச் சட்டத்தின் பயன் எந்தத் தொழிலாளிக்குக் கிடைத்தது என்று எவரேனும் கேட்டார்களா?

இங்கே பிறந்த தொழிலாளிக்கும் ஒரு குறை உண்டு. ‘அவன் குறைந்த கூலிக்கு வருகிறான், என் கூலி உயரவில்லை’ என்கிறான். அந்தக் குறையிலே நியாயம் உண்டா, இல்லையா என்பதைக் கணக்கேட்டை விரித்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். முதலாளியையும் அழைத்து உட்கார வைத்துப் பேச வேண்டும். பொய் என்ன செய்தது? கூலிக் கணக்கிலே இருந்த தொழிலாளியின் கண்ணைத் திருப்பி, பக்கத்துத் தறிக்காரனின் முகத்திலே பதிய வைத்தது! ‘வெட்டினார்களா, வெட்டவில்லையா’ என்ற கூச்சலிலே, ‘கொடுத்தார்களா, கொடுக்கவில்லையா’ என்ற கேள்வி காணாமற்போயிற்று.

பொய் மக்களாட்சிக்குச் செய்யும் பெருங்கேடு இதுதான். அது தவறான விடையைத் தருகிறது என்பது சிறிய கேடு. சரியான கேள்வியைத் திருடிக்கொண்டு போகிறது என்பதே பெரிய கேடு. வாக்குச்சீட்டு கையிலே இருக்கும். வாக்குச்சாவடி திறந்திருக்கும். எண்ணிக்கையும் ஒழுங்காக நடக்கும். ஆனால் எதைப் பற்றி வாக்களிக்கிறோம் என்பதை எவனோ ஒருவன், ஏதோ ஓர் அறையிலே, கட்டுத்துணியும் சிவப்பு மையும் கொண்டு முடிவு செய்துவிடுவான்!

தோழர்களே! இந்த நாடகம் தமிழருக்குப் புதிதா? நம் இலக்கியம் அறியாத பொய்யா?

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கோவலன் யார்? புகாரிலே பிறந்தவன், பொருளிழந்தவன், பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்தவன். இன்றைய சொல்லிலே சொன்னால், வெளியூர்த் தொழிலாளி! அவன் கையிலே ஒரு சிலம்பு. அரண்மனைச் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனுக்குத் தன் களவை மறைக்க ஒரு கள்வன் தேவைப்பட்டான். எவனைக் காட்டுவான்? ஊரறிந்தவனைக் காட்ட முடியுமா? சுற்றமுள்ளவனைக் காட்ட முடியுமா? ஊருக்குப் புதியவனைக் காட்டினான்!

மன்னன் கேட்டானா? அரசியின் ஊடல் தீர்க்கும் அவசரத்திலே இருந்தவன் ஆராயவில்லை. காவலர் போனார்கள். கோவலனைப் பார்த்ததும் அவர்களுக்கே ஐயம் வந்தது: ‘இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே!’ பொற்கொல்லன் விட்டானா? கள்வர் இப்படித்தான் இருப்பர், இந்த மந்திரம் அறிவர், இந்த மாயம் செய்வர் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினான். ஐயுற்றவர் வாயடைத்து நிற்க, அவர்களுள் ஒருவன் வாளை வீசினான். முடிந்தது!

பொற்கொல்லன் சொன்னது ஒரு பொய். அதைப் பரிசீலிக்காமல் ‘ஆம்’ என்றவன் மன்னன். ஐயம் வந்தும் அடங்கிப்போனவர் காவலர். வாள் வீசியவன் ஒருவன். இந்த நால்வகையும் இன்றும் உண்டு, தோழர்களே! பொய்யைப் புனைபவன் உண்டு. பதவியிலே இருந்துகொண்டு ஆராயாமல் அதற்கு முத்திரை குத்துபவன் உண்டு. ‘எனக்கென்னவோ நம்பிக்கையில்லை, ஆனாலும் வந்தது, அனுப்பிவைத்தேன்’ என்பவன் உண்டு. கடைசியாக, கையை ஓங்குபவனும் உண்டு.

பிறகு கண்ணகி வந்தாள். அவள் என்ன செய்தாள்? அழுதாள், சினந்தாள். ஆனால் அவையிலே அவள் வென்றது அழுகையாலா, சினத்தாலா? ‘என் சிலம்பின் பரல் மாணிக்கம், உன் தேவியின் சிலம்பின் பரல் என்ன?’ என்பதே வழக்கு. ‘முத்து’ என்றான் மன்னன். சிலம்பை உடைத்தாள்! தெறித்தது மாணிக்கம்! பொய் அந்த நொடியிலே செத்தது. உண்மையைக் கண்ட மன்னன், ‘நானோ அரசன்’ என்று நாணி அரியணையிலேயே உயிர்விட்டான். இன்று? பொய் சொன்னது வெட்டவெளிச்சமான பின்னும், உயிரை விட வேண்டாம், பதிவை அழிக்கவாவது நம் பெரிய மனிதர்களுக்கு மனம் வருகிறதா?

கண்ணகிக்குக் கொங்கு நாட்டிலே விழா எடுத்தார்கள் என்று அந்தக் காப்பியத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. கொங்கு இளங்கோசர் விழா எடுத்தனர். மழை வளம் மாறாது நின்றது என்கிறது. நம் முன்னோர் போற்றியது உண்மையை உடைத்துக் காட்டிய ஒரு பெண்ணை! அந்த மரபின் வாரிசுகள் நாம். நினைவிருக்கட்டும்.

இன்றும் சிலம்பு உடைக்கப்பட்டதுண்டு. அதே 2023 மார்ச்சுத் தொடக்கத்திலே, திருப்பூரிலே ரயில் பாதையில் ஒரு பீகார்த் தொழிலாளியின் உடல் கிடந்தது. வதந்தி கொதித்துக்கொண்டிருந்த நேரம். ‘கொன்றுவிட்டார்கள்!’ என்று ஐயுற்று அவன் தோழர்கள் ரயில்வே காவல் நிலையத்தின்முன் திரண்டனர். ஒரு கல் பறந்தால் போதும். பாட்னாவிலே எழுதிய பொய் திருப்பூரிலே மெய்யாகியிருக்கும்! காவலர் என்ன செய்தார்கள்? கண்காணிப்புக் கேமராவின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பாதையைக் கடந்தவன்மீது ரயில் மோதிய காட்சியைக் கூட்டம் கண்டது, துயரத்தோடு கலைந்தது. தடியைச் சுழற்றிக் கலைத்திருந்தால் உடல்கள் கலைந்திருக்கும், ஐயம் கலைந்திருக்காது. சிலம்பை உடைத்துக் காட்டினார்கள், ஐயம் கலைந்தது.

இதுவரை கைதட்டினீர்கள். இனி நான் சொல்லப் போவதற்குக் கைதட்ட மாட்டீர்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொய் பாட்னாவிலே மட்டுமா பிறந்தது? மார்ச்சுக்கு முன் ஜனவரி வருகிறது, தோழர்களே! அதே 2023 ஜனவரியிலே, திருப்பூரிலே ஒரு டீக்கடை அருகே தகராறு. வடவர் சிலர் தமிழர் சிலரைத் துரத்தி அடிக்கும் காட்சி, சில நாள் கழித்துக் கைப்பேசிகளிலே பறந்தது. ‘பாரீர்! தமிழ்நாட்டிலேயே தமிழனை அடிக்கிறான் வடவன்!’ என்ற முழக்கத்தோடு பறந்தது. காவல்துறை விசாரித்தது. சிகரெட்டுப் புகையிலே தொடங்கிய கைகலப்பு, இரு தரப்புக்கும் பங்குண்டு, இனப்பகை ஏதுமில்லை என்று சொல்லிற்று. அடித்தவர்களைக் கைதும் செய்தது.

அந்தப் படத்தைப் பரப்பியவர்களிலே ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது உங்கள்முன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்!

ஆமாம், நானேதான். இரவு ஒத்திகை முடித்துவிட்டு வந்தேன், படம் வந்திருந்தது, ரத்தம் கொதித்தது. வசனம் எழுதும் கையல்லவா, சும்மா இருக்குமா? இரண்டு வரி சூடாக எழுதி, மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். பாராட்டு வந்தது. மறுநாள் காவல்துறையின் விளக்கம் வந்தது. நான் என்ன செய்தேன்? என் பதிவை ஓசையின்றி அழித்தேன். ‘நான் அனுப்பியது தவறு’ என்று எழுதினேனா? இல்லை. எழுத வெட்கமாயிருந்தது. ஒன்றரைத் திங்கள் கழித்துப் பாட்னாக்காரன் பொய்யைப் பரப்பியபோது, ‘அயோக்கியன்!’ என்று மேடையிலே முழங்கினேன். முழங்கும்போது உள்ளுக்குள் ஒருவன் கேட்டான்: ‘அவனாவது பொய்யென்று தெரிந்து செய்தான். நீ உண்மையா என்று கேட்காமலே செய்தாய். வேறுபாடு எவ்வளவு?’

அதற்கு அடுத்த பிப்ரவரியிலே, ரயிலிலே வடமாநிலத் தொழிலாளரை ஒருவன் அடித்த காட்சி வெளிவந்தது. அது மெய். ரயில்வே காவல்துறை அவனைக் கைது செய்தது. அந்த ஒரு மெய்யை விதையாக வைத்துத்தான் ஓராயிரம் பொய்கள் முளைத்தன. அந்த விதைக்கு நிலத்தை உழுது வைத்தவர்களிலே என்னைப் போன்றவர்களும் உண்டு என்பதை மறைத்துவிட்டு, பொய்யைப் பற்றி நான் பேசினால் அது இன்னொரு பொய்!

அறிவாளர் நாம், ஏமாற மாட்டோம் என்று இறுமாந்திருக்க வேண்டாம். 2018 மே மாதத்திலே, திருவண்ணாமலை மாவட்டத்திலே, குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன சென்னை மூதாட்டி ஒருவரை, ‘பிள்ளை பிடிப்பவர்’ என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். கைப்பேசியிலே உலவிய வதந்தி செய்த கொலை! அடித்தவரும் தமிழர், மடிந்தவரும் தமிழர். நாடெங்கும் இத்தகைய கொலைகள் பெருகிய பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையிலே, வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவிலே ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்குமேல் ஒருசேர அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. இலங்கையிலே அதே 2018-இன் தொடக்கத்தில், அம்பாறையிலே ஒரு முஸ்லிம் உணவு விடுதியின் உணவிலே மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக ஒரு புரளி. கடை நொறுங்கிற்று, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாட்களிலே கண்டிப் பகுதியும் எரிந்தது, நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. மொழி மாறும், மதம் மாறும், ஊர் மாறும். ‘அயலான் கெடுக்க வந்தான்’ என்ற கதை மட்டும் மாறுவதில்லை.

அயலான் என்றால் எப்படியிருக்கும் என்பதை நாம் அறியோமா? பம்பாயிலே 1960-களிலே, ‘தென்னாட்டான் நம் வேலையைப் பறிக்கிறான்’ என்று நம்மை விரட்டினார்களே! பெங்களூரிலே 1991 டிசம்பரிலே, காவிரியின் பெயரால் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டனவே! அயலானைக் கண்டு அஞ்சும் கதையிலே, பல ஊர்களிலே கொடியவன் வேடம் நமக்குத்தான் தரப்பட்டது. அந்த வேடத்தை இன்னொருவன் தலையிலே மாட்டுவதற்கு நம் கை எப்படி எழும்? இந்தக் கோவையே அறியாததா? 1997 நவம்பரிலே கலவரம், 1998 பிப்ரவரியிலே குண்டுவெடிப்பு, 58 உயிர்கள்! அண்டை வீட்டானைக் கண்டு அண்டை வீட்டான் அஞ்சினால் ஒரு நகரம் எத்தனை ஆண்டு பின்னுக்குப் போகும் என்பதைக் கடைவீதிக்காரரைக் கேளுங்கள், சொல்வார்.

‘சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?’ என்பார்கள். சட்டம் வேண்டும். வேண்டுமென்றே பகை மூட்டுபவன்மீது வழக்குப் போடத்தான் வேண்டும். ஆனால் ‘எது உண்மை, எது பொய்’ என்று தீர்ப்பளிக்கும் கோலை ஆட்சியின் கையிலே மட்டும் கொடுத்துவிட்டு நாம் உறங்கலாமா? 1975 நெருக்கடிநிலையிலே தணிக்கை அதிகாரிகள் உட்கார்ந்துகொண்டு, ஏடுகளிலே உண்மையையே வெட்டி எறிந்தார்களே! தன்னைப் பற்றிய செய்திகளிலே எது பொய் என்று தானே முத்திரை குத்த ஒன்றிய அரசு 2023-இலே விதி செய்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரிலே அந்த விதி செல்லாதென்று தள்ளிற்று. வழக்கிலே கட்சிக்காரனாக நிற்பவனே நீதிபதியாக உட்காரக் கூடாது! ஒன்றிய அரசுக்குச் சொன்ன இந்த நீதி எந்த அரசுக்கும் பொருந்தும். நமக்கு வேண்டியவர் ஆண்டாலும் பொருந்தும்.

ஆகவே பொய்யைத் தடுக்கும் முதற்காவல் நீயும் நானுந்தான். அதிலும் கட்சித் தோழனுக்குக் கடமை இரட்டிப்பு. சாதாரண மனிதன் பத்துப் பேரோடு பேசுவான். நாம் பத்தாயிரம் பேரோடு பேசுகிறோம். மாற்றான் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்கக் கண் போதும். நமக்குச் சாதகமான பொய்யைக் கண்டுபிடிக்க நெஞ்சு வேண்டும்! எதிரியைத் தாக்க வாகாக, இனிப்பாக, சூடாக ஒரு செய்தி கைக்கு வருகிறதா? அப்போதுதான் அதிகம் ஐயுற வேண்டும். எங்கே நடந்தது? எப்போது நடந்தது? கண்டவர் யார்? காட்டுபவனுக்கு என்ன ஆதாயம்? இந்த நான்கு கேள்விக்கும் விடை வரும்வரை விரல் அசையக் கூடாது. அசைந்துவிட்டதா? தவறென்று தெரிந்த கணமே, எந்த மேடையிலே சொன்னோமோ அந்த மேடையிலேயே, எந்தக் குழுவிலே அனுப்பினோமோ அந்தக் குழுவிலேயே, ‘நான் சொன்னது தவறு’ என்று சொல்ல வேண்டும். அந்த மூன்று குழுக்களிலே நான் அதை எழுதினேன். காலந்தாழ்ந்துதான் எழுதினேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் விலகிப் போனார். மானம் போய்விடவில்லை, தோழர்களே. கொஞ்சம் திரும்பி வந்தது!

முடிக்குமுன் ஒன்று. இந்தித் திணிப்பை எதிர்த்து 1965-இலே கொதித்தெழுந்த மண் இது. பொள்ளாச்சியிலே துப்பாக்கிக் குண்டுகளைச் சந்தித்த மண் இது. அந்த மண்ணிலேயே, 2023 மார்ச்சிலே, அதிகாரிகளும் காவலரும் தொழிற்கூட வாயிலிலே நின்று, ‘அஞ்சாதீர்கள்’ என்று இந்தியிலே ஆறுதல் சொன்னார்கள். ‘முரண்பாடு!’ என்றார் ஒருவர். என்ன முரண்பாடு? திணிப்பவனை எதிர்த்தோம், பேசுபவனை அல்ல. தன் மொழிக்காக உயிர் தந்த மக்களுக்குத்தான், இன்னொருவன் தாய்மொழியிலே அவனுக்கு ஆறுதல் சொல்லும் தகுதி முழுமையாக உண்டு!

எங்கள் ஊர்த் தறிக்கூடத்து இளைஞன் மே மாதத்திலே திரும்பி வந்தான். வந்ததும் அந்த மூதாட்டியிடம் கைப்பேசியை நீட்டினான். மறுமுனையிலே அவன் தாய், முகம் தெரியும்படி. ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. இவர், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். காலியாக இருந்த இடத்திலே ஒரு முகம் குடியேறிற்று. இனி அந்த வீட்டுக்குள்ளே பொய் நுழைய வேண்டுமானால், இந்தக் கிழவியின் சிரிப்பைத் தாண்டித்தான் நுழைய வேண்டும்!

நாளை காலை உங்கள் கைப்பேசியிலே ஒரு படம் வரும். எவனையோ கள்வன் என்று சொல்லும். கையிலே வாளில்லை, விரல்தானே என்று எண்ணாதீர்கள். மதுரையிலே மன்னன் வீசியதும் வாளன்று, ஒரு சொல்தான்! சிலம்பை உடைத்துப் பாருங்கள். மாணிக்கமா, முத்தா என்று பாருங்கள். அதன் பிறகு பேசுங்கள்.